பஞ்சர் கணக்கு

நான் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை.
அவருடைய டயரைத் தெரியும்.

தேன்கனிக்கோட்டையில் அஞ்செட்டிப் பாதை பிரியுமிடத்தில் என் கடை.
தண்ணீர்த் தொட்டி, சொல்யூஷன், உப்புத்தாள்.
கஸ்பார் சாமியின் டிவிஎஸ் ஐம்பது
வாரம் ஒருதரமாவது வந்து படுக்கும்.

பழுப்பு அங்கி சங்கிலியில் சிக்காமலிருக்க
துணி காயப்போடும் கிளிப் மாட்டியிருப்பார்,
பச்சை நிறம்.
முட்டத்துக் கடற்கரை மனிதர்.
மேகத்தைப் பார்த்து மழை சொல்வார்,
எங்கள் ஊரில் ஒன்றும் பலிக்காது.

ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி சொல்லிவிடும்
எங்கே போய் வந்தார் என்று.
வேலிக்காத்தான் முள் என்றால்
காட்டோரம், ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
கல்சில்லு என்றால் குவாரி,
நின்றுபோன கூலிக்காக மேஸ்திரியோடு
வெயிலில் நின்றிருக்கிறார்.
பாட்டில் கண்ணாடி என்றால்
எவனோ குடித்துவிட்டுப் பெண்டாட்டியை வெளியே தள்ளிய இரவு.
ஒருநாள் வெறும் குண்டூசி.
இது எங்கே சாமி?
சாமியார்கள் கூட்டத்தில் என்றார், சிரிக்காமல்.

தெலுங்கில் திட்டுவாங்கி, கன்னடத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டு,
தமிழில் தூங்குகிறேன் என்பார்.
ஊரில் எவனைப் பற்றி நான் வத்திவைத்தாலும்
"பாவம்" என்று ஒரே சொல்.
குற்றத்தைச் சொன்னாரா, இரக்கப்பட்டாரா,
பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு விளங்கவில்லை.

இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு.
ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.
எது ரொம்ப இறுக்கும் என்றேன்.
"காத்து அடிடே, கவுஸ்."

ராகி அறுப்புக் காலம். ராத்திரி பதினொன்றுக்கு ஷட்டரைத் தட்டினார்.
இரண்டு டயரும் போயிருந்தன.
குவாரி ராயப்பனுக்கு நெஞ்சு அடைக்கிறதாம்,
தூசி தின்ற நெஞ்சு.
என் வண்டியில் ஏறச் சொன்னேன்.
அங்கிப் பையில் சின்ன வெள்ளிச் சிமிழ்,
உள்ளே அவர்கள் ஆண்டவர்.
பள்ளத்தில் விடாதே என்றார்.

மூன்றாவது வளைவில் யானை.
ஒன்றல்ல, குட்டியோடு ஐந்து.
இன்ஜினை அணைத்தேன், விளக்கை அணைத்தேன்.
நான் தெரிந்த துவாவை எல்லாம் ஓதினேன்.
பின்னால் அவர் ஒன்றுமே ஓதவில்லை,
சிமிழின் மேல் கையை வைத்து
பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவர் மாதிரி இருந்தார்.
ஒரு மணி நேரம்.
குட்டி ரோட்டிலேயே மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

போய்ச் சேர்ந்தபோது வாயைக் கட்டியிருந்தார்கள்.
கட்டை விரல்களையும்.
அவர் நெற்றியில் சிலுவை போட்டார், மண்டியிட்டார்,
எழுந்திருக்க நேரமாயிற்று.
மதலேனம்மாள் அழவில்லை.
"சாப்பிட்டீங்களா சாமி?"
புருஷனுக்குக் கிண்டிய களி,
நடுவில் குழித்துக் கீரைக் குழம்பு ஊற்றி
தொடாமல் இருந்தது.
கொடுக்கப் போனவர்
தரையில் உட்கார்ந்து வாங்கினார்.
பாதியை என் பக்கம் தள்ளினார்.
சாவு வீட்டில் எப்படி என்று பார்த்தேன்.
அந்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விழுங்கினோம்.

விடியும்போது திரும்பினோம்.
சிமிழ் நிறைந்தபடியே திரும்பியது.
பின்னால் தோள் குலுங்கியதா, ரோடு குலுங்கியதா தெரியாது,
நான் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

மே மாதம் மாற்றல் கடிதம் வந்ததாம்.
ஒரே பையோடு வந்து நோட்டைக் கேட்டார்,
பாக்கி இருநூற்றெண்பது.
முந்நூறு கொடுத்தார். சில்லறை இல்லை.
இருக்கட்டும், உன்கிட்ட எனக்கு ஒரு கணக்கு வேணும் என்றார்.
சேலம் பஸ் ஜன்னலில்
அவர் கட்டைவிரல் மூன்றாவது முடிச்சைத்
தேய்த்துக்கொண்டே போனது.

புதுச் சாமியார் நல்லவர்தான், சலாம் சொல்கிறார்.
அவருக்குக் கார்.
ட்யூப்லெஸ் டயர்.
எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று
எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.